முன்பாரம் பார்த்து வாங்குங்கள்

மாட்டுவண்டியில் நெல்மூட்டை அடுக்கியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கழுத்தில் அளவாகப் பாரம் தங்கும்படி மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பதுதான் வண்டிக்காரரின் கைப்பக்குவம். கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடை பிறந்ததும் நெடுஞ்சாலைகளில் ஓடத் தொடங்கும் சிறிய பயண டிரெய்லரும் அப்படிப்பட்ட வண்டிதான். உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கும், நீளம் 13 முதல் 17 அடி இருக்கும், பெரும்பாலும் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களுமே இருக்கும். மாடு நிற்கும் இடத்தில் கார் நிற்கிறது. நுகத்தடியின் இடத்தில் கொக்கியின் இரும்புக் குண்டு இருக்கிறது. கனடாவில் குடும்பத்தோடு அல்கான்குவின் பூங்காவுக்கோ ராக்கி மலைக்கோ டிரெய்லர் கட்டிப் போக நினைக்கும் தமிழர்கள் பெருகிவரும் நேரத்தில், அவர்கள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். “என் கார் எவ்வளவு இழுக்கும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “என் கார் எவ்வளவு சுமக்கும்?” என்று கேட்டால்தான் சரியான டிரெய்லர் கிடைக்கும் என்பது என் வாதம்.

இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் வரும் எண்ணை முதலில் பார்ப்போம். டொயோட்டா சியன்னா மினிவேனுக்கு அது 3,500 பவுண்டு. ஹோண்டா பைலட்டில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகைக்கு 5,000 பவுண்டு. இந்த எண்களில் பொய் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சோதித்து ஓர் எண்ணைச் சொன்னது. அதை ஒழுங்குபடுத்த 2008-இல் ‘எஸ்.ஏ.இ. ஜே2807’ என்ற பொதுத் தரம் வெளியானது. அதை முதலில் ஏற்றது டொயோட்டா; மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. அந்தத் தரத்தின் கடினமான பகுதி அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமிருந்து மேலேறும் ஒரு மலைச்சாலையை அடிப்படையாகக் கொண்டது. கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி வெயிலில், குளிர்சாதனம் முழுதாக ஓட, சாதாரண வாகனம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். என்ஜினும் கியர்பெட்டியும் இதைத் தாங்கினால் அவற்றின் வலிமையை நம்பலாம். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் காருக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, பாட்டி இல்லை, அரிசிப் பையும் குளிர்பெட்டியும் இல்லை. தேர்வு எழுதிய கார் ஒன்று, ஆகஸ்ட் மாதம் நம் வீட்டு வாசலிலிருந்து புறப்படும் கார் இன்னொன்று.

நம் காருக்கு உரிய எண் விளம்பரத்தில் இருக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் வெள்ளைச் சீட்டில் ஒரு மஞ்சள் பட்டை ஓடும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இந்த எண் மாடலுக்குப் பொதுவானது அன்று. உங்கள் கண்முன் நிற்கும் அந்த ஒரு காருக்கு உரியது. கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரமும் வைத்த காரில் இது குறைந்திருக்கும். அவை இல்லாத அதே மாடலில் கூடியிருக்கும். டிரெய்லரின் முன்பாரம், அதாவது கொக்கியை அது கீழ்நோக்கி அழுத்தும் எடை, காருக்குள் ஏற்றிய சாமான் போலவே இந்த எண்ணிலிருந்து கழியும். விற்பவர்கள் விட்டுவிடும் கணக்கு இதுதான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். மினிவேனின் மஞ்சள் பட்டையில் 1,200 பவுண்டு என்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவர் 300 பவுண்டு, பிள்ளைகள் இருவர் 120, பாட்டி 130. ஆட்கள் மட்டும் 550. உடுப்பு, உணவு, குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து 150. கடையில் பின்னால் பொருத்திய இழுவைச் சட்டமும் குண்டும் 50. இரண்டு சைக்கிளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 60. கூட்டினால் 810. முன்பாரத்துக்கு மிஞ்சுவது 390 பவுண்டு. வட அமெரிக்க வழக்கப்படி டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். நடுவே 13 என்று எடுத்தால், 390 பவுண்டு முன்பாரம் தரும் டிரெய்லர் 3,000 பவுண்டு எடையுள்ளது. விளம்பரம் சொன்னபடி 3,500 பவுண்டு டிரெய்லரைக் கட்டினால் முன்பாரம் 455 ஆகும், காரின் சுமை 65 பவுண்டு மீறும். என்ஜின் முனகாது, கியர்பெட்டி சூடாகாது. பின் ஸ்பிரிங் தாழ்ந்து, பின் டயர் பிதுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளரும். மழையில் வளைவொன்றில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதுதான் அந்தத் தளர்ச்சி தெரியவரும்.

இந்த 3,000 பவுண்டும் டிரெய்லர் வழியில் ஓடும்போது இருக்கும் எடை. விற்பனைத் தாளில் இருப்பது காலி எடை. ஓர் அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 20 கேலன் தொட்டியை நிரப்பினால் 166 பவுண்டு ஏறும். ‘20 பவுண்டு’ என்று பெயர் பெற்ற புரொப்பேன் உருளை, வாயுவும் உருளையும் சேர்ந்து 37 பவுண்டை ஒட்டி நிற்கும். பிறகு பேட்டரி, கூரையில் குளிர்சாதனம், பக்கத்தில் விரியும் பந்தல். இவற்றைத் தனி வசதி என்று கணக்கிட்டுக் காலி எடையில் சேர்க்காத நிறுவனங்கள் உண்டு. பிறகு நாமே ஏற்றும் சட்டி பானை, மெத்தை விரிப்பு, மடக்கு நாற்காலி, விறகு, மழைக்குப் போடும் தார்ப்பாய். சிறு டிரெய்லரில்கூட 500 முதல் 700 பவுண்டு எளிதில் சேர்ந்துவிடும். ஆகவே நம் மினிவேன் குடும்பம் தேட வேண்டியது காலி எடை 2,300 முதல் 2,500 பவுண்டுக்குள் இருக்கும் டிரெய்லரை. 3,500 என்ற எண்ணைப் பார்த்து 3,300 பவுண்டு டிரெய்லருக்கு முன்பணம் கட்டியவர், 800 முதல் 1,000 பவுண்டு தவறான இடத்தில் நிற்கிறார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் என்ன? கனமான பொருள்களைப் பின்பக்கம் வைத்தால் கொக்கியில் 200 பவுண்டுதானே விழும்? ஐரோப்பாவில் அப்படித்தானே இழுக்கிறார்கள்? உண்மைதான். அங்கே முன்பாரம் 4 முதல் 7 சதவீதம் இருந்தால் போதும் என்கிறார்கள். ஒரே காருக்கு இரண்டு கண்டத்திலும் இரண்டு எண் இருப்பதும் உண்மை. 2019–2025 மாடல் ஆர்.ஏ.வி.4 ஹைப்ரிட் அமெரிக்காவில் 1,750 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கும் சற்றுக் குறைவாக இழுக்கலாம். அதன் நான்கு சக்கர இழுவை வகை ஐரோப்பாவில் 1,650 கிலோ. இதைக் காட்டி, வட அமெரிக்க எண்கள் வழக்குக்குப் பயந்து குறைத்துச் சொல்லப்பட்டவை என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவை ஏற்கும் முன் வேகத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் டிரெய்லர் கட்டிய காருக்கு உச்சவேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்றால் 100. அங்கே செய்யப்படும் டிரெய்லர்களில் கனமான சாமான்களை அச்சின்மேல் வைக்கும்படி உள்ளமைப்பை வகுக்கிறார்கள், உராய்வால் ஆட்டத்தை அடக்கும் கொக்கி பரவலாகப் பயன்படுகிறது. இங்கே அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் டிரெய்லர் கட்டிய வண்டிகள் 110-ஐயும் தாண்டி ஓடுகின்றன. கலிபோர்னியாவோ மணிக்கு 55 மைல் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய எடையை வேண்டுகிறவர் ஐரோப்பிய வேகத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும். அப்படி ஏற்றாலும், இங்கே விற்ற காரின் கையேடு அனுமதித்ததைத் தாண்ட அது இடம் தராது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? பின்னால் கட்டிய டிரெய்லர் ஓர் ஊசல் போன்றது. எதிரே வரும் லாரி தள்ளும் காற்றோ, சாலையில் ஒரு பள்ளமோ அதைப் பக்கவாட்டில் தட்டினால் இடமும் வலமும் அசையும். குறைந்த வேகத்தில் டயரின் பிடி அந்த அசைவை இரண்டு மூன்று ஆட்டத்தில் அடக்கிவிடும். வேகம் ஏற ஏற அடக்கும் ஆற்றல் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் டிரெய்லர் காரையே திருப்பிப் போடும். அந்த வேகம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சுமை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். ஓடும் பட்டையின்மேல் பொம்மைக் காரையும் பொம்மை டிரெய்லரையும் ஓடவிட்டு இதைக் காட்டுவார்கள். டிரெய்லரின் முன்பக்கத்தில் எடைகளை வைத்தால், விரலால் தட்டினாலும் ஒரு நொடியில் நேராகிவிடும். அதே எடைகளைப் பின்பக்கத்துக்கு மாற்றித் தட்டினால், ஆட்டம் பெருகிப் பட்டையை விட்டே விழுந்துவிடும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் நிஜ அளவு டிரெய்லரை வைத்து நடந்த ஆய்வுகளும் சுமையின் இடம் நிலைத்தன்மையை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டின. சாமான்களை இரண்டு கோடியிலும் ஒதுக்கி நடுவை வெறுமையாக விடுவதும் கெடுதலே. இரு முனையிலும் கனம் கட்டிய கம்பைச் சுழற்றத் தொடங்கினால் நிறுத்துவது கடினம் அல்லவா, அதே காரணம்தான். ஆகவே காரின் சுமையைக் காப்பாற்ற முன்பாரத்தைத் திருடுவது, காலில் குத்திய முள்ளை எடுத்துக் கண்ணில் குத்திக்கொள்வதற்கு ஒப்பு. சாமான்களைச் சரியாக அடுக்கிய பின்னும் முன்பாரம் மிகுந்தால் டிரெய்லரைச் சிறிதாக்குங்கள், வேறு வழியில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் விசை இருந்தால் அதை அழுத்துங்கள். ஸ்டியரிங்கை எதிரெதிரே திருப்பி ஆட்டத்தை அடக்க முயன்றால் அது பெரிதாகவே செய்யும்.

பாரத்தைப் பகிரும் கொக்கி என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. அது நல்ல கருவி. இரண்டு எஃகுக் கம்பிகளின் விறைப்பால், காரின் பின் அச்சில் விழுந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். முன் சக்கரங்கள் இழந்த பிடி திரும்பும். ஆனால் மஞ்சள் பட்டையில் அச்சிட்ட எண் ஒரு பவுண்டும் கூடாது. சில கார்களுக்கு அதைப் பூட்டவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும். அவற்றின் உடற்சட்டம் அந்த முறுக்கைத் தாங்கும்படி செய்யப்படவில்லை.

எடைக்கு அடுத்தது காற்று. சமவெளியில் 90 கிலோமீட்டருக்கு மேலே ஓடும் டிரெய்லரை இழுக்கும் கார் பெரும்பாலும் போராடுவது காற்றோடுதான். வேகம் 90-இலிருந்து 110 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகும். அதை வெல்ல என்ஜின் கொடுக்க வேண்டிய திறன் 1.8 மடங்காகும். ஏழடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள சப்பை முகத்தை, தாழ்ந்து வழுக்கி ஓடும் காரின் பின்னால் நிறுத்துகிறோம். எடை குறைவு என்பதால் பொருந்தும் என்று நினைத்த டிரெய்லர் எரிபொருளைக் குடித்து, எதிர்காற்றில் காரைக் கீழ் கியரிலேயே வைத்திருப்பதன் காரணம் இதுதான். முன்முகப் பரப்பு இத்தனை சதுர அடியைத் தாண்டக் கூடாது என்று கையேட்டில் தனியாக எழுதும் கார் நிறுவனங்களும் உண்டு. மின்சாரக் கார் வைத்திருப்போர் இதை இரு மடங்கு கவனிக்க வேண்டும். டிரெய்லர் கட்டியதும் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியை ஒட்டிக் குறைவது வழக்கம்.

இந்த இரண்டு கணக்கையும் அரை நூற்றாண்டுக்கு முன்பே அழகாகத் தீர்த்துக் காட்டியது ஒரு கனடிய டிரெய்லர். வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடி இழையால் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். அதே முறையில் இரண்டு ஓடுகளை வார்த்து, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து இடுப்பில் இணைத்து ஒரு டிரெய்லர் செய்தால் என்ன என்று எண்ணினார். 1968-இல் 13 அடி ‘போலர்’ பிறந்தது. வட்டத் தொப்பி போன்ற வடிவத்தால் அந்தப் பெயர். எடை ஆயிரம் பவுண்டை ஒட்டியது, அன்றைய சாதாரணக் கார் இழுத்தது. அதன் வழியில் வந்ததுதான் மினசோட்டாவின் பாக்கஸ் ஊரில் இன்றும் செய்யப்படும் ஸ்காம்ப். டெக்சஸின் கசிட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் செய்யப்படும் எஸ்கேப்பும் அதே குலம். எடை குறைவு மட்டும் இவற்றின் பெருமை என்று நினைக்காதீர்கள். மரச்சட்டம் அடித்து அலுமினியத் தகடு போர்த்திய டிரெய்லரில் கூரையும் சுவரும் சேரும் விளிம்பு முழுவதும் ஒரு தையல். அந்தத் தையலில் பூசிய பசை வெயிலில் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. கூரை விளிம்பில் தையலே இல்லாத ஓட்டில் அந்தக் கவலை குறைவு. சன்னலையும் கூரைத் துளையையும் ஆணி இறங்கிய இடங்களையும் பார்த்தால் போதும். 1970-களின் போலர்கள் இன்னும் சாலையில் ஓடுவதும், பழையதாயினும் இவற்றின் விலை விழாமல் நிற்பதும் இதனால்தான். பழைய டிரெய்லர் எதுவாயினும் மூலைச் சுவரையும் அலமாரியின் உள்மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். குடும்பம் ஐந்து பேர், 13 அடிக்குள் எப்படிப் படுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு மடங்கி விரியும் டிரெய்லர் இருக்கிறது. ஓடும்போது காரின் நிழலுக்குள் அடங்கி, நின்றதும் எழுந்து இரண்டு பக்கமும் கட்டில் நீட்டும். துணியைக் காயவைத்து மடிக்கும் பொறுமை வேண்டும், கரடி நடமாடும் சில முகாம்களில் துணிச்சுவருக்கு அனுமதி கிடைக்காது. இந்த இரண்டு குறையும் ஏற்கத்தக்கவை என்றே நான் கருதுகிறேன்.

இத்தனை கணக்கு எதற்கு, ஒரு பிக்கப் வாங்கிவிட்டால் முடிந்தது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பெரிய டிரெய்லரில் ஆண்டுக்குப் பாதி நாள் வாழ்பவருக்கு அது சரி. கோடையில் மூன்று வாரம் போகும் குடும்பம், மீதி 49 வாரம் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அந்தப் பிக்கப்பைத்தான் ஓட்ட வேண்டும். கணக்கிலிருந்தும் விடுதலை கிடைக்காது. தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் பெரிய கேபினும் ஏற ஏற அரை டன் பிக்கப்பின் சுமக்கும் எண் இறங்குகிறது; 1,500 பவுண்டுக்கும் கீழே உள்ளவை உண்டு. இழுவைத் திறன் 11,000 என்று எழுதிய வண்டி, ஐந்து பேரும் சாமானும் ஏறியபின் 6,000 பவுண்டு டிரெய்லரின் முன்பாரத்துக்கே இடமில்லாமல் நிற்பதைக் காணலாம். அவர்களும் கதவைத் திறந்து அதே மஞ்சள் பட்டையைத்தான் படிக்க வேண்டும்.

பத்து வருடமாக அளவுக்கு மீறி இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பவரும் உண்டு. மலையிறக்கத்தில் குழந்தை குறுக்கே ஓடாத, டயர் வெடிக்காத, பக்கக்காற்று அடிக்காத பத்து வருடத்தைத்தான் அவர் சாட்சிக்கு அழைக்கிறார். இறக்கம்தான் பிரேக்கின் பரீட்சை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்கிஹல்லா நெடுஞ்சாலை 1,244 மீட்டர் கணவாயிலிருந்து ஹோப் ஊருக்கு இறங்கும்போது, காரின் பிரேக் மட்டும் இரண்டு வண்டியையும் பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி வேண்டும். பல கார் கையேடுகள் 1,000 பவுண்டைத் தாண்டினாலே வேண்டும் என்கின்றன. நான் கையேட்டின் பக்கம். டிரெய்லரின் பிரேக்குக்குக் காரில் ஏழுமுனை இணைப்பும், பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டியும் தேவை. நான்குமுனை இணைப்பு விளக்குகளை மட்டும் எரியவைக்கும்.

வாங்கியபின் ஒருமுறையாவது எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும், சிறு கட்டணம்தான். ஆட்கள் எல்லோரும் ஏறி, எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி, முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் டிரெய்லர் மூன்றாவதிலும் நிற்கும்படி ஏற்றுங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு காரை மட்டும் ஏற்றுங்கள். கட்டியபோது காரின் இரண்டு அச்சிலும் இருந்த மொத்தத்திலிருந்து, கழற்றியபின் இருந்த மொத்தத்தைக் கழித்தால் வருவது முன்பாரம். அதே கதவுத் தூணில் இன்னொரு சீட்டு, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடையையும் காரின் மொத்த வரம்பையும் சொல்லும். பின் அச்சின் எண் அதைத் தாண்டியிருந்தால் உடனே தண்ணீரைத் திறந்துவிடத் தோன்றும். முதலில் குனிந்து தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அச்சுக்கு முன்னால் இருந்தால் தண்ணீர் போனதும் முன்பாரம் இறங்கும். சில டிரெய்லர்களில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கும். அதை வடித்தால் கொக்கியில் பாரம் கூடும். அப்போது தண்ணீரை விட்டுவிட்டு, முன்பெட்டியிலிருக்கும் விறகையும் கருவிப்பெட்டியையும் எடுத்து அச்சின் நேர்மேலே உள்ள தரையில் வைத்து, மறுபடியும் மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.